பதினேழாம் நம்பர் பாதை

என் அக்கா வீட்டுக்காரரை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பதினேழு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக அதே பதினேழாம் நம்பர் பஸ், அதே ரோடு. ஒன்பது வருடமாக அந்த வண்டிக்கு நான்தான் கண்டக்டர்.

போன மாதம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, புதிதாகத் தொடங்கிய நாற்பதாம் நம்பர் தடத்தைத் தருவதாகச் சொன்னார். புது வண்டி, அகலமான ரோடு, மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம். மற்ற டிரைவர்கள் அதற்கு நாயாய்ப் பேயாய் அலைந்துகொண்டிருந்தார்கள். மாமாவோ, "வேண்டாம் சார். பழகின ரோடே போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பொழைக்கத் தெரியாத மனுஷன் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் போய்விட்டால் எந்தச் சிடுமூஞ்சி வந்து என் தலையில் விடியுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் எத்தனையோ விஷயங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். "ஸ்டாப்புல ஆள் நிக்குதா மச்சான்?" என்று அடிக்கடி கேட்பார். சோம்பேறித்தனம் என்று கேலி செய்திருக்கிறேன், மடையன் நான்.

நேற்று மாலை தபால் ஆபீஸ் வளைவில் குழாய் பதிக்கப் பாதி ரோட்டைத் தோண்டி, குறுக்கே சிவப்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். காலையில் அது இல்லை. மாமா வழக்கம்போல் ஒடித்துத் திருப்பினார். விசிலை விடாமல் ஊதினேன், பிரேக் போட்டார். தடுப்பு சாய்ந்து விழுந்தது. குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் தலைக்கும் டயருக்கும் ஒரு முழம்தான்.

"கண்ணு தெரியலையா மாமா?" என்று கத்தினேன். கோபத்தில் கேட்டதுதான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரெண்டு வருஷமா மங்கலாத்தான் இருக்கு" என்றார்.

"அப்போ கண் டெஸ்ட்டுல எப்படி பாஸ் பண்ணீங்க?"

"வருஷா வருஷம் அதே எழுத்து அட்டையத்தானே மாட்டி வச்சிருக்காங்க. மனப்பாடம். நாளைக்கும் டெஸ்ட் இருக்கு. வெளியே சொல்லிடாதே மச்சான். நான் போயிட்டா புது ஆளோட நீதான் மல்லுக்கட்டணும்."

அடப்பாவி மனுஷா! என் பயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. பிரேக் சரியில்லை என்று பொய் சொல்லிப் பயணிகளை இறக்கிவிட்டு, டிப்போவிலிருந்து வேறு டிரைவரை வரவழைத்தேன். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. வேலை போனால் அக்கா என்ன செய்வாள் என்று நினைப்பேன். உடனே குழிக்குள் இருந்தவன் முகம் வந்து நிற்கும்.

இன்று காலை மாமாவுக்கு முன்னால் டெஸ்ட் அறைக்குப் போனேன். "வேற அட்டை இருந்தா மாட்டுங்கம்மா" என்று நர்ஸிடம் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார்.

மாமா வந்து கோட்டில் நின்றார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பழைய அட்டையில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார். நர்ஸ் எதையும் எழுதவில்லை.

"அடுத்த கண்ணு பார்க்கலாமா?" என்று உற்சாகமாகக் கையை மாற்றினார் மாமா.

"போதும் மாமா" என்றேன். "வண்டிய நிறுத்துங்க."