விளிம்பில் ஒரு வெட்டு

பழைய செம்புக்காசை உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சற்றுப் பொறுத்துத் திறந்தால் ஒரு வாடை எழும். பேருந்துக் கம்பியைப் பிடித்த ஈரக்கையின் வாடைக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதைவிடக் கசப்பு. சென்ற மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சிக்குச் சட்டைப்பையில் ஒரே ஒரு காசோடு போனேன். மண்டபத்தின் படியேறும்போதே என் கையில் அந்த வாடை ஏறியிருந்தது.

நான் வளர்ந்தது அந்த ஊரில்தான். அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்குச் சிறுவயதிலேயே காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. காயலில் நீர் வற்றும்போது கரைச்சேற்றில் டச்சுக்காரர் காலத்துச் செம்புக்காசு எப்போதாவது ஒன்று அகப்படும். என் வகுப்பு நாஸரின் வாப்பா வள்ளம் ஓட்டுகிறவர். அவருக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பொன்னாக இருக்குமோ என்று விளிம்பில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டுப் பார்த்து, செம்பென்று தெரிந்ததும் தன்னைத்தானே கேலி செய்து சிரித்தாராம். நாஸர்தான் இதைச் சொன்னான். அடுத்த மழைக்காலத்தில் வள்ளம் கவிழ்ந்து அவர் இறந்துபோனார். அவர் விட்டுப்போனவற்றில் நாஸர் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் கருத்த காசை மட்டும்தான்.

பள்ளியில் பொருட்காட்சி வந்தது. என் காசுகளோடு அதையும் வைக்க வேண்டுமென்று நாஸரைக் கெஞ்சினேன். “சூட்சிக்கணம் கேட்டோ” என்று, பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி இரண்டு முறை சொல்லிவிட்டுக் கொடுத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மா புளி போட்டு விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். “இந்தக் கரியையா நாலு பேர் பாக்க வைக்கப்போறே? கொண்டா, விளக்கோட தேச்சுடலாம்” என்றாள். தேய்த்தது நான்தான். பழங்காசின் கருமை அழுக்கல்ல, அதன் தோல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காசு குழந்தையின் உள்ளங்கால்போலச் சிவந்து வெளியே வந்தது. நாஸர் மகிழ்ந்துபோவான் என்றே நினைத்தேன். அதுவரை என் மீது குற்றமில்லை.

திங்கட்கிழமை பள்ளித் தாழ்வாரத்தில் கையைத் திறந்து காட்டியதும் அவன் முகம் வெளிறியது.

“இது வாப்பாண்டெ காசல்ல.”

“அதேதான்டா. புளி போட்டுத் தேச்சேன்.”

“அல்ல. வாப்பாண்டெ காசு கறுத்தது. நீ மாற்றி. பாண்டிக் கள்ளா!” காசையே நான் மாற்றிவிட்டேன் என்கிறான்.

சுற்றி நின்ற பையன்களில் ஒருவன், “நின்னெ பாண்டி பற்றிச்செடா!” என்று கூவ, நான் நாஸரை ஏமாற்றிவிட்டதாக எல்லோரும் சிரித்தார்கள். ‘பாண்டி’ என்பது அங்கே தமிழரை இளப்பமாக அழைக்கும் சொல். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதனடியில் வேறொன்றும் வந்தது: அவனுக்கு வேண்டாமென்றால் இந்தக் காசு எனக்கு. விளிம்பிலிருந்த வெட்டின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. விரலை நகர்த்தியிருந்தால் அவனே சொன்ன அந்த வெட்டை அவனே பார்த்திருப்பான். நான் நகர்த்தவில்லை.

“இதுதான் உன் காசு. வேண்டாட்டிப் போடா” என்றேன். பொய்யே சொல்லாமல் திருடிவிட்டேன். அவன் அழுதுகொண்டே போனான். கோடை விடுமுறையில் அவனுடைய உம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊரென்று அன்று நான் யாரையும் கேட்கவில்லை. பல வருடங்கள் கழித்துக் கேட்டபோது சொல்ல யாரும் இருக்கவில்லை.

கண்காட்சியில் கோயம்புத்தூர்க்கார இளைஞர் ஒருவர் அந்தக் காசை லென்ஸின் அடியில் வைத்தார். “அருமையான கருப்புங்க ஐயா. புளி, எலுமிச்சைன்னு யாரும் கை வெக்காத காசு. இங்க ஒரு வெட்டு இருக்குது, அதொண்ணுதான் குறை. குடுக்கறீங்களா?”

“இது என் காசு இல்ல, தம்பி.”

“அப்போ யாரோடதோ, அவங்களைக் கேட்டுச் சொல்லுங்களேன்” என்று சிரித்தபடி திருப்பித் தந்தார்.

வெளியே வந்து, வள்ளங்கள் கட்டிக் கிடந்த பழைய துறைக்கு நடந்தேன். துறை இல்லை, அந்த இடத்தில் வெளிநாட்டுப் பயணிகள் காப்பி குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. தூரத்தில் வல்லார்பாடம் துறைமுகத்துக்கு ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. என் அலமாரி இருட்டில் இத்தனை வருடம் கிடந்து காசு தானாகவே பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. இப்போது நீட்டினால் நாஸர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வான்; வெட்டைக் காட்டக்கூட வேண்டியிருக்காது. கையை விரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அந்த வெட்டின் மேல்தான் இருந்தது.