அப்சார்ப் என்றால் சத்தமாகச் சொல்வது

கூட்டம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. மழை வருகிற மாதிரி இருந்ததால் பெற்றோர்கள் மோட்டார் சைக்கிள்களைக் கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும், பெற்றோர் சம்மதம் மட்டும் வேண்டும் என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முதலாம் ஆண்டுக்கு அறிவியல் ஆசிரியை நான்தான்.

எங்கள் தமிழ்ப்பள்ளி கோப்பெங் பக்கம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் அது. இப்போது ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள் கட்டிய தாமான் குடியிருப்பு. தாமானில் தமிழர்கள் நிறைய இருந்தும் பிள்ளைகள் எங்களிடம் வருவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காலையில் சீனப்பள்ளி வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும். உள்ளே எங்கள் சனங்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். இன்னும் இரண்டு மூன்று வருடம் இப்படியே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஆங்கிலம் என்று பலகை வைத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று அவர் நம்பினார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அன்றைக்கு முதலில் கை தூக்கியது ஓர் அம்மா. கையுறை செய்யும் தொழிற்சாலையில், கிலாங் என்பார்கள், வேலை பார்க்கிறவர். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சீருடைச் சட்டையோடு.

"நல்ல விசயம் லா சார். இத முன்னயே செஞ்சிருக்கணும்," என்றார். "எங்க கிலாங்ல இங்கிலிஸ் தெரிஞ்சவங்கதான் மேல போறாங்க. நானு எத்தன வருசமா அதே லைன்லயே நிக்கிறேன்."

பக்கத்தில் அவர் மகள் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வளாகத்திலேயே இருக்கும் பாலர் பள்ளியில் படித்தவள். நடைபாதையில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள். "டீச்சர், மரத்துக்கு வாய் எங்க இருக்கு, தண்ணி குடிக்க?" என்று ஒருநாள் வழிமறித்துக் கேட்டாள். அவள் என் வகுப்புக்கு வரப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் நான் அறிவியல் படித்தது மலாயில். ஆசிரியர் பயிற்சியும் மலாயில்தான். பாடம் நடத்தியது தமிழில். ஆங்கிலத்தில் கடையில் பேசுவேன், வங்கியில் பேசுவேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு விசயத்தைப் புரியவைக்க அது போதுமா என்று தெரியவில்லை. ஈப்போவிலிருந்து தினமும் கார் ஓட்டிப் போகும்போது பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். சிம்பாங் பூலாய் சாலைச் சந்திப்பில் கல் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கையில், பக்கத்து லாரிக்காரர் என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.  எத்தனையோ வருடம் வகுப்பெடுத்தவள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் மாதிரி பள்ளி வாசல் வரை பாடத்தைச் சொல்லிக்கொண்டே போவேன்.

முதல் வாரங்களில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். அதை நான் ஒழுக்கம் என்று நினைக்கவில்லை. முதலாம் ஆண்டு வகுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருவன் பென்சிலைத் தொலைப்பான், ஒருத்தி பூனை குட்டி போட்ட கதையைச் சொல்வாள், பாடம் அதற்கு நடுவில்தான் நடக்கும். இந்த வகுப்பில் நான் வாயைத் திறந்ததும் எல்லோரும் என் உதட்டைப் பார்த்தார்கள். நான் சொல்வதைத் திருப்பிச் சொன்னார்கள். "அண்டர்ஸ்டேண்ட்?" என்றால் "எஸ் டீச்சர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். மரத்துக்கு வாய் எங்கே என்று கேட்ட அந்தப் பெண் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். ஓய்வு நேரத்தில் என்னைப் பார்த்தாலும் சிரித்துவிட்டு ஓடிப்போனாள். கேள்வியை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

எந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது என்ற பாடம் வந்தபோது மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, அமைதியானவர், பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பஞ்சு, துணி, பிளாஸ்டிக், கையுறை எல்லாம் மேசைமேல் வைத்திருந்தேன். "த ஸ்பாஞ்ச் கேன் அப்சார்ப் வாட்டர்" என்றேன். பிள்ளைகள் சுவர் அதிரத் திருப்பிச் சொன்னார்கள். "அப்சார்ப்!" என்றேன். "அப்சார்ப்!" என்று கத்தினார்கள். ஒருத்தரும் தடுமாறவில்லை.

"பாகுஸ், சிக்கு," என்றார் அதிகாரி போகும்போது. நன்றாக இருந்தது டீச்சர், மற்ற பள்ளிகளுக்கும் இதைச் சொல்வேன் என்றார். தலைமையாசிரியர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.  

மறுநாள் வகுப்புக்குள் போனதும் தமிழிலேயே கேட்டேன். "நேத்து படிச்சோமே, அப்சார்ப்புன்னு. அப்படின்னா என்னடா?"

 முன்வரிசைப் பையன் ஒருவன் தைரியமாக எழுந்தான். "சத்தமா சொல்றது, டீச்சர்."

"எத சத்தமா சொல்றது?"

"நீங்க அப்சார்ப்புன்னா நாங்க சத்தமா சொல்லணும். அதான் அப்சார்ப்."

மற்ற பிள்ளைகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இப்போது நினைத்தாலும் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து முதலில் தமிழில் சொன்னேன். புரிந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லவைத்தேன். திட்டத்தின்படி அது கூடாது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அப்படித்தான் பெற்றோரிடம் சம்மதம் வாங்கியிருந்தோம். எங்கள் வகுப்பறையில் கதவைச் சாத்தினாலும் பிரயோஜனம் இல்லை, சன்னல் கண்ணாடிப் பட்டைகள் எப்போதும் திறந்தே இருக்கும். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுவேன். பிள்ளைகள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார்கள். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? பயந்துகொண்டே பாடம் நடத்தினால் அந்தப் பயமும் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று தோன்றியது. கடைசியில் நானே தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? வர்ற வருசத்துக்குப் பேரு பதிய ஆளுங்க வந்து விசாரிச்சிட்டுப் போறாங்க. இப்பப் போயி தமிழ்லதான் நடத்துறோம்னா என்னா ஆவும்?"

"புரியுது சார். ஆனா புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஏறல."

"மாவட்டத்துலேருந்து வந்த அந்தப் புவான் நல்லா இருக்குன்னுதான சொன்னாங்க?"

"அவங்களுக்குச் சத்தம் கேட்டுச்சு சார். எனக்கும் சத்தம்தான் கேக்குது."

 பெற்றோர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட அனுமதி கேட்டேன். பாதி ஆங்கிலத்தில், பாதி தமிழில். அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்றேன். "எல்லாரும் கோவிச்சுக்கிட்டா நான் என்னா செய்யுறது?" என்று மட்டும் கேட்டார்.  ஆனாலும் சரி என்றார்.

பெற்றோர் வரும் சனிக்கிழமை. குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே பொருள்களை மேசைமேல் பரப்பியிருந்தேன். முதலில் ஆங்கிலம். பிள்ளைகள் பெற்றோர் முன்னால் இன்னும் உரக்கச் சொன்னார்கள். பலர் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். கையுறைத் தொழிற்சாலை அம்மாவும் எடுத்தார், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. இதோடு நிறுத்திவிட்டால் எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள் என்று ஒரு கணம் தோன்றியது.

கையுறையை எடுத்துத் தண்ணீரில் முக்கினேன். "இது தண்ணிய உறிஞ்சுமா, உறிஞ்சாதா?" என்று தமிழில் கேட்டேன்.

"உறிஞ்சாது!" என்றார்கள்.

"ஏன்?"

ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரப்பர்ல ஓட்டையே இல்ல, வழுக்குது, மழைச்சட்டை மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். அந்த ஆண்டு முழுக்க என் வகுப்பில் அவள் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், எங்கம்மா வேலையில கிளவ்ஸ் போட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. வீட்டுக்கு வந்தா கையி ஊறிப்போயி வெள்ளையா இருக்கும். கிளவ்ஸு தண்ணிய உள்ள விடாதுன்னா, அந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

 வகுப்பு வெடித்தது. கிளவ்ஸ் கிழிஞ்சிருக்கும் என்றான் ஒருவன். இல்லை, கையைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் போட்டிருப்பாங்க என்றாள் ஒருத்தி. கைக்குள்ளேயே தண்ணி இருக்குடா என்றான் இன்னொருவன், அவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. மளிகைச் சாமான் கட்டி வந்த பிளாஸ்டிக் பைகள் அலமாரியில் கிடந்தன. ஆளுக்கொரு பையைக் கையில் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுவிட்டேன். காத்திருந்தோம். காற்றாடி சுற்றியும் வெக்கை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பைக்குள் மங்கலாகப் புகை படிந்த மாதிரி ஆனது. பிறகு பொடிப்பொடியாகத் துளிகள். "கைதான்! கைதான்!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் பெற்றோரிடம் ஓடினார்கள். சிரிப்புக்கு ஆளான பையன் மேசைமேல் ஏறிவிட்டான். அவனை இறக்கி வேர்வை என்ற சொல்லையும், அதன்பின் அதன் ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகையில் எழுதினேன்.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த அம்மா எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்.

"அப்பன்னா எங்க புள்ளைங்களுக்கு இங்கிலிஸ் வராதுன்னு சொல்றீங்களா டீச்சர்?"

"அப்படிச் சொல்லலக்கா."

"எம்பொண்ணு நல்லா கேள்வி கேக்குறா, எனக்கே பெருமையாத்தான் இருக்கு. ஆனா நானும் தமிழ்ல நல்லா கேள்வி கேப்பேன். கிலாங்ல யாரு பதில் சொல்றா? அவ என்னைய மாதிரி நிக்கணுமா?"

 நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

"இங்கிலிஸ் வேணும்க்கா," என்றேன். "நானும் குடுக்கணும்னுதான் பாக்குறேன். முதல்ல புரியட்டும், அப்புறம் அதையே இங்கிலிஸ்ல சொல்லட்டும். அவ கேள்விய விட்டுட்டு இங்கிலிஸ் மட்டும் வந்தா எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு ரெண்டு பக்கமும் பயமா இருக்கு டீச்சர்," என்றார் அவர். உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு நடந்தது மெதுவாக நடந்தது. தலைமையாசிரியர் மாவட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தார். திட்டத்தில் இருந்தால் முழுக்க ஆங்கிலம், இல்லையென்றால் வெளியே வாருங்கள், ஒரே வகுப்பில் பாதி பாதி கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, விதி அதுதான். பெற்றோரைக் கூட்டி மறுபடியும் கேட்டோம். நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடைசியில் முதல் மூன்று ஆண்டுகள் தமிழில், நான்காம் ஆண்டிலிருந்து ஆங்கிலம், அதுவரை பள்ளி முடிந்தபின் தினமும் ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்று முடிவானது. அந்த வகுப்பில் தமிழில் படித்த பாடத்தையே பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிப் பழகினார்கள். தவறாகப் பேசினால் சிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அங்கே சட்டம். நானும் நிறைய தவறாகப் பேசினேன்.

சில குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டன. அதில் என்னிடம் "சத்தமா சொல்றது" என்று சொன்ன பையனும் ஒருவன். முன்வரிசையில் அவன் உட்கார்ந்த இடத்தில் வெகுநாள் வேறு யாரையும் நான் உட்காரவைக்கவில்லை. தலைமையாசிரியர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்த பிள்ளைகள் கூடவும் இல்லை, ரொம்பக் குறையவும் இல்லை. பள்ளி நடக்கிறது. நான் செய்தது சரிதானா என்று யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குப் புரிகிறது என்று சொல்வேன். பள்ளிக்கு என்ன ஆகும் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன்.

அந்தப் பெண் இந்த ஆண்டு நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு அறிவியல் இப்போது ஆங்கிலத்தில், இளைய ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். முதல் வாரம் வேண்டுமென்றே அந்த வகுப்பைத் தாண்டி நடந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது. ஆங்கிலமும் தமிழும் கலந்து, தடுக்கித் தடுக்கி, எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாள் என்று விளங்கவில்லை. "வெயிட், வெயிட்" என்று ஆசிரியை சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பாடம் முடிக்கும் அவசரம், எனக்குத் தெரியாததா. ஆனாலும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஓய்வு நேரத்தில் அவளைப் பிடித்து, "பதில் கெடச்சிச்சா?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்றேன்னாங்க டீச்சர்."

மறுநாள் மறக்காமல் அவளிடம் போய்க் கேட்டேன். ஆசிரியை பதில் சொன்னாராம்.