உரலுக்குள் ஒரு கை

மசுயே அன்றைக்கு இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டிருக்கலாம். வருஷக் கடைசி, முழங்கால் மட்டும் பனி. யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். முந்தின நாள் பூராவும் அவள் அதைத்தான் யோசித்தாள். ஆனால் அவள் படுத்தால், கோயிலில் மோச்சி மாவு இடிக்கிற உரல் பக்கத்தில் இவாதா வீட்டுப் புது மருமகளைத்தான் உட்கார வைப்பார்கள். கை பழகாத பெண். அந்தக் கைக்கு மேலே கொட்டாப்புளியை, அந்தப் பெரிய மரச்சுத்தியலை, ஓங்கப் போகிறவர் மசுயேயின் புருஷன் தொகுசோ. தொகுசோவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது ஊரில் மசுயே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவராக வாய் திறந்து சொன்னதில்லை. ஆப்பிள் பறிக்கிற காலத்தில்தான் அவள் கவனித்தாள். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, மேசை சாய்ந்திருக்கிறது என்று மேசையைத் திட்டினார். பொதுக் குளியல் வீட்டுக்குப் போனவர் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை மசுயே அந்தச் செருப்போடு நாலு சீமைப்பனிச்சம் பழத்தையும் எடுத்துப்போய், குனிந்து வணங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, ஒரு நடை டாக்டர்கிட்ட போயிட்டு வருவோமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா போறதுக்கு அது என்ன கோயிலா?"

அதோடு பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடியும்.

மசுயே இந்த மலைக்காட்டில் பிறந்தவள் இல்லை. கடலோரத்துப் பெண், கணவாய் கீறிக் காயப்போட்டு வளர்ந்தவள். தரகர் ஒருவர் பேசிமுடித்து இங்கே வாழ்க்கைப்பட்டாள். வந்த வருஷமே மாமனார் அவளை உரல் பக்கத்தில் முட்டிபோட வைத்தார். வெந்த பசையரிசி உரலில் ஆவி பறக்கக் கிடக்கும். மாமனார் ஓங்கி அடிப்பார். கொட்டாப்புளி மேலே போன கணத்தில் இவள் ஈரக்கையால் மாவைத் தட்டித் திருப்பிப்போட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் இவள் கை நடுங்கியதைப் பார்த்து அவர் சொன்னார், "பயப்படுற கைதாம்மா அடிபடும். தைரியமா நுழை." அவருக்குப் பிறகு கொட்டாப்புளி மகனிடம் வந்தது. தொகுசோ அடிக்க, மசுயே திருப்ப, ஊரின் முதல் உரல் மோச்சி சாமிக்குப் போகும். அந்த மாவு பாதியில் நிற்கக் கூடாது, அதில் ரத்தம் படக் கூடாது. பட்டால் ஊருக்கே வருஷம் ஆகாது என்பார்கள். ஆகாதுதான், அதில் அவளுக்கும் சந்தேகமே கிடையாது.

அதனால் மசுயே படுக்கவில்லை. முக்காட்டுத்துணியைக் கட்டிக்கொண்டு போனாள்.

கோயில் முற்றத்தில் பனியை ஒதுக்கி உரலை வைத்திருந்தார்கள். ஆண்கள் அடுப்பைச் சுற்றி நின்று சாக்கே என்கிற அரிசிச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷமாவது கொட்டாப்புளியை வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று மசுயே நினைத்திருந்தாள். தொகுசோ கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு அதைத் தூக்கினார்.

முதல் அடியே உரல் விளிம்பில் விழுந்தது. மரச்சில்லு தெறித்தது.

"தொகு அண்ணே, நேத்தே ஆரம்பிச்சிட்டீங்களா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!" என்றார் இவாதா. அவர்தான் ஊர்த் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"உன் வீட்டுச் சரக்கு இல்லையே, உனக்கென்ன?" என்றார் தொகுசோ. அவர் முகம் மட்டும் சிரிக்கவில்லை.

மசுயே சில்லைப் பொறுக்கி எறிந்தாள். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அது உரலைப் பார்க்கவில்லை, ஒரு சாண் தள்ளி வெறும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெதுவாக, "ஹோய்" என்று குரல் கொடுத்து மாவை ஓங்கித் தட்டினாள். கொட்டாப்புளி தட்டிய இடத்திலேயே வந்து விழுந்தது. இன்னொரு "ஹோய்". இன்னொரு அடி, குறி தப்பாமல்.

இந்த மனுஷன் காதால் இடிக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. போன வருஷமும் இப்படித்தான் இடித்தாரோ என்னவோ.

அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். மாவு மினுமினுக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைக்கும்போது, குடித்துச் சூடேறிய ஆண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். "யோய்ஷோ! யோய்ஷோ!" ஒருவர் மேளத்தைக் கொண்டுவந்து தட்டினார். மசுயேயின் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை. கூட்டத்தின் சத்தத்தை அவள் குரல் என்று எண்ணித் தொகுசோ அடித்தார்.

அவள் கை உள்ளே இருந்தது.

எப்படி இழுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. விரல் கணுவில் கொட்டாப்புளியின் காற்றுப் பட்டது, சுண்டுவிரல் நகம் சுரீர் என்றது. விரித்துப் பார்த்தாள். ரத்தம் இல்லை. கொட்டாப்புளி மறுபடி மேலே போய்விட்டது. நிறுத்தச் சொன்னால் சாமி மாவு பாதியில் நிற்கும், ஏன் என்று ஊர் கேட்கும், அத்தனை பேர் முன்னாலும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

மசுயே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"வாயை மூடுங்க எல்லாரும்! சாமி மாவுல எச்சில் தெறிக்குது!"

முற்றம் அப்படியே அடங்கியது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றார். கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது.

"ஆத்தாடி! இத்தனை வருஷமா இவளுக்குத் தொண்டையே இல்லன்னுல்ல நெனச்சேன்" என்று பக்கத்து வீட்டுக் கிழவி முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் தொகுசோ, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஒண்ணுமில்லைங்க. அடிங்க. ஹோய்."

அந்த அமைதியில் அவள் தட்டுகிற சத்தமும் அவர் அடிக்கிற சத்தமும் மட்டும்தான். நகம் விண்விண் என்று தெறித்தது. பயப்படுகிற கைதான் அடிபடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நுழைத்தாள், இழுத்தாள், நுழைத்தாள். மாவு குழந்தைக் கன்னம்போல் ஆனபோது இரண்டு கையாலும் அள்ளிப் பலகையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் சுண்டுவிரலைப் பனிக்குள் புதைத்தாள்.

இவாதா வந்து கொட்டாப்புளியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வணங்கினார். "சாமி மாவு ஆச்சு. இனி நம்ம வயித்துக்குத்தானே? அதுக்கு இந்தத் தடியனுங்க போதும். நீங்க அடுப்புகிட்ட உக்காந்து திட்டுங்கண்ணே. திட்ட ஆள் இல்லாம ஒழுங்கா இடிக்க மாட்டானுங்க."

தொகுசோ அடுப்புச் சூடு வந்த பக்கம் திரும்பினார். "திட்டத்தான் போறேன்" என்றார். இவாதா கண் விஷயம் தெரிந்துதான் அப்படிப் பேசினாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஊரும் இல்லை அது.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எப்போதும் அவர் முன்னால் போவார், அவள் பின்னால் போவாள். கோயில் படிக்கட்டின் மேல்படியில் அவர் நின்றுவிட்டார்.

"மசு."

"ம்."

"நீ முன்னால போ. பேசிக்கிட்டே போ."

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது பேசு. ஆனா கத்தாதே."

அவள் ஒரு படி இறங்கினாள். "இந்தப் படி வழுக்கும்" என்றாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. கல்யாணமானதிலிருந்து தெருவில் அவர் அவளைத் தொட்டதில்லை.

"டாக்டர்கிட்ட போறதைப் பத்திப் பேசலாமா?"

தோளில் இருந்த கை இறுகியது.

"கீழ இறங்கினதும் பேசு" என்றார்.