இருதயராஜ் அண்ணன் கொடுத்த குடுவை

இருதயராஜ் அண்ணன் போய்விட்டார்... காலையில் அவர் மகள் போன் செய்தாள். கையில் இருந்த டீ அப்படியே ஆறிப் போனது.

காரைக்காலில் ஒரே கவர்மெண்ட் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பியூன். ஃபைல் தூக்கியது அவர், ஆபீசை நடத்தியது நான். நம்பாதவர்கள் அப்போதைய ஹெட்கிளார்க்கைக் கேட்கலாம்... அவரும் இப்போது இல்லை.

எண்பதுகளில் ஒரு வருஷம் எங்கள் ஊர் மியூசியத்தில் மியூசியம் தினம் கொண்டாடினார்கள். நாள் பூராவும் இலவசம். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, ஒரு ப்ரொஃபசர் சொற்பொழிவு, சுவரில் ஸ்லைடு படம்.

பெஞ்சு, நாற்காலி போட எங்கள் ஆபீசிலிருந்து ஓர் ஆளைக் கேட்டார்கள். போனது நான். மொத்த விழாவையும் என் தலையில்தான் கட்டினார்கள் என்று வையுங்கள். நெடுங்காடு, வரிச்சிக்குடி, கோட்டுச்சேரிமேடு என்று பஸ் பஸ்ஸாக ஜனம்... பத்தாயிரம் பேர் இருக்கும்.

பொதுமக்கள் வீட்டில் உள்ள பழைய பொருளையும் அன்று ஒருநாள் வைக்கலாம். யாருடையது, யார் கொடுத்தது என்று ஓர் அட்டை எழுதி முன்னால் நிறுத்துவார்கள்.

எனக்கு உடனே அண்ணன் வீட்டுக் குடுவை ஞாபகம் வந்தது.

அவர் அப்பா சவரிமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனுக்குச் சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. கூடப் போன ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீர்க் குடுவை மட்டும்தான் வந்தது.

கல்லறைத் திருநாளன்று எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அண்ணன் வீட்டிலேயே அந்தக் குடுவை முன்னால் ஏற்றுவார்.

"குடுக்குறேன் தம்பி. ஆனா அப்பா பேர எழுதுவாங்கல்ல?"

"கொட்டை எழுத்துல எழுதுவாங்க. கீழ ஒங்க பேரு. நான் இருக்கேன்ல, என்னாண்ணே நீங்க!"

"அவரு பேரு எழுதி வச்ச எடம்னு ஒண்ணுகூட இல்ல தம்பி..."

புதுத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் மியூசியத்தில் குடுவையை மேஜை மேல் வைத்ததுமே நாலு வாத்தியார்கள் கூடிவிட்டார்கள். பக்கவாட்டில் ஓர் ஒடுக்கு உண்டு. அது என்ன என்று ஒருவர் கேட்டார்.

"குண்டு பட்டது சார்" என்றேன்.

உண்மையில் அண்ணன் சின்னப் பிள்ளையில் கிணற்றுக்குள் போட்டதில் விழுந்த ஒடுக்கு. ஆனால் குண்டு என்றதும் அத்தனை பேர் கண்ணும் விரிந்தது பாருங்கள்... எனக்கு வாய் நிற்கவில்லை. குண்டுக்கு முன்னால் ஓர் ஆறு வந்தது, ஆற்றுக்கு அக்கரையில் எதிரி வந்தான், நடுவில் ஒரு சொல்தா நீந்திக்கொண்டிருந்தார்.

"யாருங்க அவரு?" அட்டை எழுதுகிற சார் பேனாவைத் திறந்தார்.

"எங்க தாத்தாங்க" என்று வந்துவிட்டது.

என் தாத்தா அரசலாற்றைக்கூடத் தாண்டியதில்லை.

சார் தாத்தா பேரைக் கேட்டு எழுதினார். கீழே என் பேர். அழகான கையெழுத்து.

காலையில் சொல்லி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் பெரிய ஆபீசர் வந்துவிட்டார். வாத்தியார்கள் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். எட்டாம் கிளாஸ் ஃபெயில் நான்... அந்த மேஜை பக்கத்தில் நின்று மைக்கில் கால்மணி நேரம் சரித்திரம் பேசினேன். ப்ரொஃபசருக்குக்கூட அத்தனை கைதட்டல் இல்லை. இது மட்டும் சத்தியம்.

கைதட்டல் ஓய்ந்தபோதுதான் அண்ணனைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார். வெள்ளை வேட்டி. பக்கத்தில் பட்டுப்புடவையில் அருள்மேரி அண்ணி. அண்ணி குனிந்து அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது... மாமா பேரக் காணோம்? வேற யாரு பேரோல்ல போட்ருக்கு?"

"செத்த பேசாம இரு. பெரிய மனுசங்க நிக்கிறாங்க. தம்பிக்கு அசிங்கமாயிடும்."

காதில் நன்றாகவே விழுந்தது. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும்...

"அடுத்த மேஜைக்கு வாங்க சார்" என்று ஆபீசரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் குடுவையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சைக்கிளில் போகும்போதே நாலு காரணம் தயார் செய்துவிட்டேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணி வெளியே வரவில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அந்த அட்டைய என்ன பண்ணுன தம்பி?"

"அதையா... கிழிச்சுப் போட்டேன்ணே."

"அடடா. பின்பக்கம் வெறுமையாத்தான இருந்துச்சு? நல்ல கெட்டி அட்டை. அப்பா பேர எழுதி வச்சிருப்பேன்."

அட்டை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. தாத்தா பேர் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்தோம். டீயில் பாதி எனக்கு ஊற்றிக் கொடுப்பார். என்னென்னவோ பேசியிருக்கிறேன். ஊரில் நடந்தது, நடக்காதது எல்லாம்... இதை மட்டும் பேசவில்லை.

இந்தப் பதிவோடு போட்டிருக்கும் படத்தில் இருப்பது அந்த அட்டைதான். பின்பக்கம். காலையில் பெட்டியைக் கிளறி எடுத்து எழுதினேன். எழுத்து கோணல். படத்தில் தெரியாதவர்களுக்காக இங்கேயும் போடுகிறேன்.

தண்ணீர்க் குடுவை. சைகோன் போன சொல்தா சவரிமுத்துவுடையது. கொடுத்தவர், அவர் மகன் இருதயராஜ். ஒடுக்கு, கிணற்றில் விழுந்தது.

நாலு மணிக்கு அடக்கம். அண்ணி இதைக் கையில் வாங்குவாரோ என்னவோ... எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே.