வலிக்காத நாளிலும் காதைப் பிசைய வேண்டும்

சந்திரமதிக்குத் தலைவலி எப்போதும் இடது கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கும். ரோட்டு வேலையில் அவள் உடைத்துப் போட்ட கற்களின் ஓரமெல்லாம் முதலில் பளபளவென்று நெளியும். அரை மணியில் பாதித் தலை பிளக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. மாதத்தில் மூன்று நாளாவது பத்துபஸ்தி வீட்டில் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பாள். புருஷன் ராஜமாணிக்கம் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் வேலை பார்த்தான். வாரத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அவள் கிடந்த நாளெல்லாம் ஆஜர் எடுக்கும் மஸ்டர் ரோலில் வேலைக்கு வராத நாகாவாக விழுந்தது.

அறுபத்தேழாம் வருஷம் ரோட்டு வேலைக்காரர்களில் சிலரைப் பக்கா ஆக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்போவதாகப் பேச்சு வந்தது. பதினொரு வருஷமாக ஜல்லி உடைக்கிறவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. பக்காவாகிவிட்டால் முடியாத நாளில் லீவு போட்டுப் படுக்கலாம். வேலையை மேற்பார்க்கும் மேட் பக்தவத்சலம் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"ஆறு மாசம் பாப்பாங்க. அஞ்சு நாகாவுக்கு மேல போனா லிஸ்ட்ல உம் பேரு வராதும்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஆஸ்பத்திரி மாத்திரை வலிக்குக் கேட்கும். ஆனால் நாள் பூராவும் தூக்கம் தள்ளும். ஒருதரம் அந்தத் தூக்கத்தில் சுத்தியல் விரலில் இறங்கி நகம் போயிற்று.

பக்கத்து வீட்டு சம்சாத், கடைக்கார சாகுல் ஹமீதின் மனைவி. அவளுக்கும் இதே வலி இருந்ததாம். காதின் உள்குழியையும் மேல் மடிப்பையும் இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துச் சூடேறும்வரை பிசைய வேண்டும், காலையில் ஒருதரம், விளக்கு வைத்ததும் ஒருதரம் என்று தன் காதிலேயே செய்து காட்டினாள். வலி வந்த பிறகு பிசைந்து பிரயோஜனமில்லையாம். வராமல் இருக்கத்தானாம்.

"வலிக்காத அன்னைக்கும் விடக்கூடாது மதினி. அதுதான் கஷ்டம்."

வேலைக்குப் போகும் லாரியில் உட்கார்ந்து பிசைந்தாள். "எந்தப் பிள்ளையாருக்குடி இந்தத் தோப்புக்கரணம்?" என்று கூட ஜல்லி உடைக்கிற ருக்கு கேட்டதில் லாரியே சிரித்தது. முதல் மாதம் இரண்டு நாகா, அடுத்த மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் வலி வரவேயில்லை. பிசைந்ததால்தானா, தானாகவே விட்டதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்து அடுப்பு எரியவில்லை. தண்ணீருக்குப் போய் வரவே விடிந்துவிடும். லாரியில் ஏறியதும் உட்கார்ந்தபடியே கண் செருகும். வலிதான் இல்லையே என்று ஒருநாள் காதை விட்டாள். மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியே மூன்று வாரம் போயிற்று. ஐந்தாம் மாதம் வந்த வலி மூன்று நாள் அவளை எழுந்திருக்க விடவில்லை.

நான்காம் நாள் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு ஒருவேளைகூட விடவில்லை. ஏன் விட்டாய் என்று சம்சாத் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

லிஸ்ட் வந்தபோது ருக்குவின் பேர் இருந்தது. சந்திரமதி பேர் இல்லை.

"ஒரு நாள்தாம்மா கூட ஆயிட்டுது," என்றார் பக்தவத்சலம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அடுத்த லிஸ்ட் எப்பண்ணே?"

"வருஷம் ஆவும்."

ஒரு வருஷத்தில் காதைப் பிசைய எத்தனை காலை வரும் என்று நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. சாக்கை உதறி விரித்து உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி ஜல்லி அளந்து கொடுத்தாக வேண்டும்.