எட்டு ஐம்பதுக்கு வந்த அம்மா

நீங்கள் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. நம்பாவிட்டால் எனக்கு இன்னும் நிம்மதி. ஆனால் அன்று இரவு அரை மணிக்கு ஒரு தடவை நேரம் போட்டு நான் என் கையாலேயே எழுதிய தாளின் ஜெராக்ஸ் என் பீரோவில் இருக்கிறது. அதையும் அன்று கடிகாரத்தில் பார்த்த நேரங்களையும் வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் பானுமதி. சொந்த ஊர் கடத்தூர். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, அரூர் பக்கம் போகும் ரோட்டில் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூல் உண்டு. பெயர் வேண்டாம். பிரிட்டிஷ் பாடத்திட்டம். பெங்களூர், ஓசூர், துபாய் என்று எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள் தங்கிப் படிப்பார்கள். சுற்று வட்டாரப் பிள்ளைகள் வேனில் வந்து போவார்கள். நான் பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக ஏழு வருஷம் இருந்தேன்.

சோபனா எங்கள் ஹாஸ்டல் பெண். பதினாறு வயது. சித்தேரி மலையைச் சேர்ந்தவள். மலையிலிருந்து ஒரு பிள்ளையை ஃபீஸ் இல்லாமல் சேர்த்துக்கொள்வது ஸ்கூலின் வழக்கம். அப்படி வந்தவள். அப்பா வீரன் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். அம்மா சாலம்மாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் காரில் வந்து இறங்குவார்கள். சாலம்மாள் இரண்டு பஸ் மாறி வந்து, கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில், பெற்றோர் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணியோடு நேரம் முடிந்துவிட்டது. சாலம்மாள் ஐந்து இருபதுக்கு வந்தார்.

"பஸ்ஸு கெடைக்கலீங்க. ஒரு நிமிசம் மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போயிடறேங்க."

நான் விடவில்லை. ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றேன். "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

2023 ஜூன். போர்டு பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து வரும். ஒரு நாள் மதியம் சோபனாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேப்பர் வந்துவிட்டது. அப்படி வந்தால் ஒன்றை அன்றைக்கும் மற்றதை மறுநாள் காலையிலும் எழுதலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த இரண்டாவது பேப்பரை மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே எழுதி முடித்திருப்பார்கள். அதனால் மறுநாள் எழுதுகிற பிள்ளை ராத்திரி முழுக்க யாரையும் பார்க்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. போன் கிடையாது. பொறுப்பான ஒருவர் கூடவே இருந்து, அரை மணிக்கு ஒரு தடவை அவள் என்ன செய்கிறாள் என்று தாளில் குறித்து, 'யாரும் சந்திக்கவில்லை' என்று காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒருவராக என்னைப் போட்டார்கள்.

பரீட்சைப் பொறுப்பு சந்திரமோகன் சாருடையது. என் போனையும் வாங்கி அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"மேடம், யாராவது வந்து ஒரு வார்த்தை பேசினாக்கூட பேப்பர் கேன்சல். அவளுக்கு மேற்படிப்பு உதவித்தொகையே இந்த பேப்பர நம்பித்தான் இருக்கு. பாத்துக்கோங்க."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஆபீஸ் கட்டடத்தின் மாடியில் உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கான அறை ஒன்று இருந்தது. இரண்டு கட்டில், உள்ளேயே பாத்ரூம், ஒரு ஜன்னல், ஒரே ஒரு கதவு, அவசரத்துக்கு ஒரு இன்டர்காம். மாலை 6:20க்கு உள்ளே போனோம். கதவைப் பூட்டி சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

7:30க்கு சாப்பாடு வந்தது. சப்பாத்தி, குருமா. கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். நான்தான் எடுத்து வந்தேன்.

7:50. சாப்பிட்டுக்கொண்டிருந்த சோபனா கையை நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள்.

"என்ன?"

"யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சு மிஸ்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. "பரீட்சை டென்ஷன். சாப்பிடு" என்றேன்.

தலைக்குக் குளித்திருந்தாள். முடி நீளம், இடுப்பைத் தாண்டும். காயட்டும் என்று விரித்துப் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு பல் தேய்க்க பாத்ரூமுக்குள் போனாள்.

சரியாக 8:50க்கு இன்டர்காம் அடித்தது.

கேட்டிலிருந்து தர்மன். அவர் எங்கள் வாட்ச்மேன். ஏழு வருஷமாகப் பழகிய குரல்.

"மேடம், சோபனா பாப்பாவோட அம்மா வந்திருக்குதுங்க. பாக்கணும்ங்குது."

பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தினேன்.

"இன்னிக்கு முடியாதுண்ணா. பேப்பரே கேன்சல் ஆயிடும். காலைல பத்து மணிக்கு வரச் சொல்லுங்க."

"சொன்னேங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்குதாங்க."

"தெரியும்ணா. எடுத்துச் சொல்லி அனுப்புங்க."

பிறகு...

"சரிங்க. நானே வந்து பாத்துக்கறேன்."

வைத்துவிட்டார்.

'நானே வந்து பாத்துக்கறேன்' என்றால் என்ன? தர்மன் ஏன் மாடிக்கு வர வேண்டும்? இன்னொன்றும் உறுத்தியது. கேட் ரோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கிருந்து யார் பேசினாலும் லாரிச் சத்தம் கேட்கும். அன்று அவர் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது.

9:15. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட் லைட் எரிந்தது. யாரும் இல்லை. போய்விட்டார் என்று மூச்சு விட்டேன். மனசு கேட்கவில்லைதான். இரண்டாவது தடவையாக அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

10:00. சோபனா தூங்கிவிட்டாள். விரித்த முடி தலையணைக்கு மேலே கிடந்தது. 'உறங்குகிறாள்' என்று தாளில் எழுதினேன். 10:30, 11:00, 11:30. அதே வார்த்தைதான்.

12:10.

வெளியே யாரோ படியேறி வருகிற சத்தம். செருப்பில்லாத கால். மெதுவாக. ஒரு படி... நின்று... இன்னொரு படி.

சத்தம் எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. பிறகு கதவில் முதுகைச் சாய்த்து யாரோ உட்கார்ந்தார்கள். கதவு லேசாக அசைந்தது.

"ஸ்ஸ்... அப்பா..."

பெண் குரல்.

கதவுக்கு அடியில் வராந்தா வெளிச்சம் கோடாகத் தெரியும். அதன் நடுவில் இப்போது ஒரு இருட்டு.

"யாரது?"

இருட்டு அசையவில்லை.

இன்டர்காமை எடுத்தேன். கேட் நம்பரை அழுத்தினேன். அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

12:40. அந்த இருட்டு நகர்ந்தது. வெளிச்சக் கோடு முழுசாகத் தெரிந்தது. போய்விட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை. விளக்கெண்ணெய்.

வெளியே இல்லை. அறைக்குள்.

சாவியைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்தில் இருந்தது. கதவு பூட்டியேதான் இருந்தது.

1:30. 'உறங்குகிறாள்.' அந்த வரியில் என் கையெழுத்து எனக்கே தெரியவில்லை.

2:10. சோபனா தூக்கத்தில் பேச ஆரம்பித்தாள்.

"ம்... சாப்ட்டேன்."

...

"சப்பாத்தி."

...

"இல்லம்மா. பயமில்ல."

கேள்விக்கு இடம் விட்டு விட்டுப் பதில் சொன்னாள். அந்த இடைவெளியில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது.

2:40.

எழுந்து உட்கார்ந்தாள். கண் திறக்கவில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு, எனக்குப் பக்கவாட்டில். அவள் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

தலை லேசாகப் பின்னால் இழுபட்டது.

நிமிர்ந்தது.

மறுபடியும் இழுபட்டது.

அந்த அசைவு எனக்குத் தெரியும். எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அவள் முடி மூன்றாகப் பிரிந்தது...

ஒன்றின் மேல் ஒன்றாக...

தானாக.

"வலிக்குதும்மா" என்றாள் சோபனா.

இழுப்பு கொஞ்சம் மெதுவாகியது.

நான் கத்தவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்திருந்தேன். நகம் உடைந்தது மறுநாள்தான் தெரிந்தது.

பாதிப் பின்னலில் அது நின்றது.

யாரோ திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் பார்க்கிறார்கள்.

"மன்னிச்சிருங்க..." என்றேன். குரல் வந்ததா, தெரியாது.

பின்னல் மறுபடியும் தொடங்கியது.

3:00, 3:30, 4:00 எதிரே என் தாளில் ஒன்றும் இல்லை.

5:30க்கு சோபனா விழித்தாள். ஒற்றைப் பின்னல், இறுக்கமாக, நுனிவரை. எண்ணெய் மினுமினுத்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். என்னை எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு நாளைக்கு இத அவுக்க மாட்டேன் மிஸ்" என்றாள்.

இரண்டு இட்லி சாப்பிட்டாள். 8:00 மணிக்குப் பரீட்சை ஹாலுக்குள் போனாள். நான் வராந்தாவில் நின்றேன். 8:20க்கு சந்திரமோகன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், முகத்துல எதுவும் காட்டிக்காதீங்க. சோபனாவோட அம்மா நேத்து இறந்துட்டாங்க."

"எப்ப?"

"சாயங்காலம் நாலு பத்துக்கு. வரப்புக் கல்லுக்கட்டுல கைய வுட்டப்ப பாம்பு கடிச்சிருக்கு. மலையில இருந்து கொண்டு வந்து அரூர்ல ஆஸ்பத்திரியில சேத்தும் காப்பாத்த முடியல. அஞ்சரைக்கு எனக்குப் போன் வந்துச்சு. பரீட்சைய எழுதி முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்கன்னு அவங்கப்பாவே சொல்லிட்டாரு. அதான் உங்ககிட்டகூட சொல்லல."

நான் கேட்டுக்கு ஓடினேன். தர்மன் ராத்திரி டியூட்டி முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ராத்திரி எட்டு அம்பதுக்கு எனக்குக் கூப்ட்டீங்கல்ல?"

"நானா? இல்லீங்களே மேடம்."

"அவங்கம்மா வந்திருக்காங்கன்னு சொன்னீங்களே!"

அவர் சைக்கிள் ஸ்டாண்டை மறுபடியும் போட்டார். முகம் மாறியிருந்தது.

"ஆறு மணிக்கே சாரு எங்கிட்ட வெசயத்தச் சொல்லிட்டாருங்க, மலையில இருந்து யாரு வந்தாலும் உள்ள வுடாதன்னு. செத்துப்போன அம்மா வந்திருக்குதுன்னு நான் எப்படிங்க மேடம் சொல்லுவேன்?"

9:45. சோபனா வெளியே வந்தாள். சந்திரமோகன் சார் அவளை உட்கார வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

"தெரியுங்க சார்" என்றாள்.

சார் என்னை முறைத்தார்.

"மிஸ் சொல்லல சார். அவங்களுக்கே தெரியாது. அம்மாதான் சொல்லுச்சு. அழுவாம எழுதி முடிச்சிட்டு வா, அதுவரைக்கும் நான் இருக்கறேன்னுச்சு."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதாள். ஸ்கூல் முழுக்கக் கேட்டது அந்த அழுகை.

அவளை வண்டியில் அனுப்பிவிட்டு சார் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். 'இரவில் மாணவியைச் சந்தித்தவர்கள்' என்று ஒரு கட்டம். 'எவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யா, உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. சோபனா நல்ல மார்க் வாங்கினாள். உதவித்தொகை கிடைத்தது. அந்த வருஷக் கடைசியில் நான் வேலையை விட்டேன்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து சித்தேரிக்குப் போனேன். வீரன் என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். ராத்திரி நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் தயங்கினார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க படிச்சவங்க. செத்தவங்க ஒடம்புல புதுசா காயம் வருங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பாம்பு கடிச்சது கையிலீங்க. நடக்க வுடாம தூக்கிட்டுத்தான் வந்தோம். உசுரு போன ஒடனே ஆஸ்பத்திரியில பூட்டி வைக்கறப்ப நாந்தான் காலச் சேத்துக் கட்டினேன். ஒண்ணுமில்ல. காலைல அடையாளம் காட்டக் கூப்ட்டாங்க. போய்ப் பாத்தா கட்டு அவுந்து கெடக்குதுங்க. ரெண்டு உள்ளங்காலும் கொப்புளம். ஒடஞ்சு மண்ணேறி... ரொம்ப தூரம் நடந்த காலு மாதிரி இருந்துச்சுங்க."

என் கையில் டீ ஆறிப்போனது. தெரியவில்லை என்றேன்.

அரூரில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஸ்கூல் கேட் இருபத்தோரு கிலோமீட்டர். நாலு பத்துக்குக் கிளம்பி வேகமாக நடந்தால், வந்து சேர எட்டு ஐம்பது ஆகும்.