ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ ஆடி வெள்ளி போய்விட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். எழுதினால் சாமியைப் பார்த்துச் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்ற இடத்துக்கு வந்துசேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. வீடு பீர்க்கன்கரணையில், ஏரிப் பக்கம். என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி அம்மன் பாட்டுப் பாடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் போய்விட்டது. பேச்சு வரும், பாதி காற்றாக. பாட்டு வராது.

அதற்கு முன்னால் அவள் பாடியதையெல்லாம் கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கேசட் இருந்த பெட்டி நனைந்து, பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. மனைவியின் தம்பி, என் மச்சான், கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர். பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஹால் மூலையில் வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடச் சொன்னார்.

"மாமா, ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் தானா எழுதிக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். அக்கா குரல் எங்கயும் போகாது."

கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஏற்றினோம். அந்த ஒரு ஓட்டத்தோடு சரி; பல கேசட்டுகள் அப்புறம் கரகரவென்றுதான் சத்தம் போட்டன. சிடியிலும் போட்டுக் கொடுத்தார். அந்த சிடிகள் ஒரு வருடத்தில் ஓடாமல் போயின. ஆக, அவள் குரல் இந்த உலகத்தில் இருந்த இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான்.

முதல் டிஸ்க் ஐந்தாம் மாதம் போனது. கடிகாரம் போல டக் டக் என்று அடித்தது, அப்புறம் அதுவும் இல்லை. இன்னொன்றில் பாட்டு இருந்ததால் பயப்படவில்லை. புதிது வாங்கி மாட்டினேன். நாலு திருகு, இரண்டு ஒயர். கம்பெனியில் நட்டு முறுக்கிப் பழகிய கைக்கு அது வேலையே இல்லை. மாட்டுவது நான், மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்து மச்சான் பார்ப்பார். சில மாதத்தில் இரண்டாவது போனது. அதற்குப் பிறகு முதலில் மாற்றியது.

மச்சான் கரண்ட்டைச் சந்தேகப்பட்டார், யூபிஎஸ் வைத்தோம். ஒயரை மாற்றினோம். பவர் சப்ளையை மாற்றினோம். சூடு என்றார், பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம், நாங்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாம்பிராணிப் புகை என்றார். பெட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கினோம். டிஸ்க் செத்துக்கொண்டேதான் இருந்தது.

வாரண்டிக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் தாம்பரம் கடைக்குப் பஸ்ஸில் போவேன். கடைக்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிடுவார்.

"இன்னா சார், இப்பதான வந்துகினு போனீங்க. அதுவும் பூட்ச்சா?"

"டக் டக்குன்னு அடிக்குது."

"எல்லாருக்கும் இதே சரக்குதான் குடுக்கறேன். உங்க வூட்ல மட்டும் இன்னாவோ கீது சார். ஒரு பூசை போடுங்க."

"பூசை போடாம எங்க வீட்டுல ஒரு திருகுகூட முறுக்கறதில்லை."

"அப்ப ஜாஸ்தியா போட்டீங்களோ இன்னாவோ."

சிரித்துவிட்டு வந்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு தடவை டிஸ்க் போன அதே வாரம் என் பெரியப்பா இறந்துவிட்டார். பங்காளித் தீட்டு, பதினாறு நாள் வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை. மிச்சமிருந்த ஒரு டிஸ்க்கும் திணற ஆரம்பித்திருந்தது. காத்திருக்க முடியாது என்று மச்சான் சொன்னதால், சாமி முன்னால் வைக்காமலேயே புதியதை மாட்டினேன். மனசு அடித்துக்கொண்டது. அதில் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே பழையது நின்றது. ஒரு மார்கழி முழுக்க அவள் பாடியது ஏறவில்லை. மனைவியிடம் சொன்னபோது, "சரி" என்றாள்.

அந்தத் தீட்டு டிஸ்க் ஓடியது. அதற்குத் துணையாகப் போட்டவை இரண்டு முறை செத்தன. அது மட்டும் இரண்டு வருடம் ஓடியது. மச்சான் ஒரு ஞாயிறு மதியம் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, ஒரே பெட்டி, ஒரே கரண்ட், ஒரே கம்பெனி டிஸ்க். இது மட்டும் ஓடுது. இதுக்கு மட்டும் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: இதற்கு மட்டும்தான் நான் பொட்டு வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும், சைக்கிளோ கிரைண்டரோ, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் ஓடும். டிஸ்க்குக்கும் வைத்தேன். அதன் தகட்டில் ஊசித்துளை போல ஒரு சின்ன ஓட்டை, சுற்றிலும் லேசான குழிவு. பொட்டு அங்கே வழியாமல் நன்றாக உட்கார்ந்தது. பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. செத்த டிஸ்க்கைக் கழற்றியதும், சாமி பேரைச் சொல்லி வைத்த பொட்டு கடையில் யார் காலிலாவது படக்கூடாது என்று ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். மாட்டிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே மறைந்துவிடும். அதனால் கடைக்காரரும் பார்க்கவில்லை, மச்சானும் பார்க்கவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. அடுத்த டிஸ்க் வந்தது. மனைவி சந்தனத் தட்டை நீட்டினாள். என் விரல் போகவில்லை. அப்போதுதான் அவளிடம் சொன்னேன், அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

மச்சான் வந்து ஓட்டையைப் பார்த்தார். "'இதை அடைக்காதீங்க'ன்னு போட்டிருக்கு மாமா. உள்ள சூடாகி ஆறும்போது இது வழியாத்தான் மூச்சு விடும். ஈரச் சந்தனத்தை அதுலயே வெச்சு அப்பியிருக்கீங்க." சிரிக்க ஆரம்பித்தவர் அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வேற எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டோம்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தாயே, இவள் குரலைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேதான் ஒவ்வொரு பொட்டும் வைத்தேன். வேண்டிக்கொண்டு வைத்த அதே விரல்தான் ஓட்டையை அடைத்திருக்கிறது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் காற்றுக் குரலில், "கல்யாணத்தன்னைக்கு எனக்குக் குங்குமம் வெச்சப்பவும் பாதியைக் கண்ணுலதான் கொட்டுனீங்க" என்றாள். "விடுங்க. பொட்டைப் பெட்டி மேல வைங்க."

பெட்டியின் வெளித்தகட்டில் வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் வைக்கிறேன். அதன் பிறகு இதுவரை ஒரு டிஸ்க்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் பெட்டியிலிருந்து அவள் பாடுவாள், அவளும் உட்கார்ந்து கேட்பாள். தொலைந்துபோன அந்த மார்கழிப் பாட்டுகளை மட்டும் அவளே வரி வரியாகப் பேச்சாகச் சொல்வாள். நான் அப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். சாமி பேரில் பொட்டு வைத்ததால் கெட்டது என்று குறைக்காதீர்கள். நான் இன்னும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தீட்டு டிஸ்க்கை அம்மன் காப்பாற்றினாள் என்று கூட்டவும் வேண்டாம். காப்பாற்றினாளா என்று எனக்குத் தெரியாது. ஓட்டை இருந்தது, பக்கத்தில் எழுத்தும் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.